நூறு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் சேறு!

எங்கள் வீட்டில் நகை வாங்கிய கதை சின்னது. டயர் வாங்கிய கதைதான் பெரியது. அந்த டயருக்காக அடகுக் கடைக்குப் போனது என் வளையல் என்பதால், கதையைச் சொல்லும் உரிமையும் எனக்குத்தான்.

கடலூரிலிருந்து பாலூர் வழியாகப் பண்ருட்டி போகும் சாலையில் இருக்கிறது எங்கள் திருவந்திபுரம். தேவநாத சுவாமி கோயிலும், ஔஷதகிரி மலைமேல் இருக்கும் ஹயக்ரீவர் சந்நிதியும்தான் ஊருக்கு அடையாளம். முகூர்த்த நாள் வந்துவிட்டால் கல்யாணக் கூட்டத்தில் தெருவில் நடக்க இடம் இருக்காது. ஒரு பக்கம் கெடிலம் ஆறு. இன்னொரு பக்கம் செம்மண் மேடு. மேட்டில் ஏறினால் முந்திரியும் பலாவும்தான்.

என் வீட்டுக்காரர் ஒரு பிக்-அப் வண்டி வைத்து அந்தத் தோப்புகளிலிருந்து சரக்கு ஏற்றுகிறார். பங்குனி, சித்திரையில் முந்திரிக்கொட்டை. ஆடி வரை பலாப்பழம். மற்ற நாட்களில் வாழைத்தார், கத்தரிக்காய், சில சமயம் கல்யாண வீட்டுப் பாத்திரங்கள். வண்டி அவர் கையில், கணக்கு நோட்டு என் கையில்.

2024 ஆனி மாதம். ஒரு தோப்பில் பலாப்பழம் ஏற்றி முடிக்கும்போது பெரிய மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்துச் செம்மண்ணைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும். காய்ந்திருந்தால் சிமென்ட் தரை மாதிரி இருக்கும். நனைந்துவிட்டால் விளக்கெண்ணெய் ஊற்றிய மாதிரி வழுக்கும். தோப்பை விட்டு வெளியே வர முந்நூறு மீட்டர்தான் பாக்கி. பின்சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றி, அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது.

ராத்திரி முழுக்க அவரும் லோடுமேன் தம்பியும் வண்டியிலேயே கிடந்தார்கள். மறுநாள் பத்து மணிக்கு டிராக்டர் வந்து இழுத்தது. பண்ருட்டி மண்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பழம் வெடித்து வாசனை வீசியது. டிராக்டர் கூலி, பழத்துக்கு நஷ்டம், போன வாடகை எல்லாம் சேர்த்து நோட்டில் எழுதும்போது என் கையே நடுங்கியது.

அன்றைக்கு அவர் மனதில் ஒன்று விழுந்துவிட்டது. “இனிமே சேத்துல மாட்டவே கூடாது.”

ஒரு வாரம் போனில் வீடியோ பார்த்தார். மலையிலும் பாறையிலும் ஏறும் ஜீப்புகள், சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போகும் முரட்டுச் சக்கரங்கள். கடைசியில், ‘மட் டெரெய்ன்’ என்று சொல்லப்படும் சேற்று டயர்கள் நான்கை வாங்கிவந்து மாட்டினார். நாற்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. என் வளையல் இரண்டும் அடகுக் கடைக்குப் போயின. வண்டியைப் பார்த்தால் நோஞ்சான் பையன் பயில்வான் செருப்பு போட்டுக்கொண்டு நிற்பது போல இருந்தது. தெருப் பிள்ளைகள் சுற்றி நின்று செல்ஃபி எடுத்தார்கள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும் கொஞ்சம் பெருமைதான். பொய் சொல்ல மாட்டேன்.

தார் ரோட்டில் போனால் ‘ஙொய்ங்’ என்று ஒரு சத்தம். டீசல் கொஞ்சம் அதிகமாகக் குடித்தது. “புது டயர்ல, பழகிடும்” என்றார்.

ஆவணி மாதம் ஒரு முகூர்த்த நாள், விடியற்காலை ஐந்து மணி. கத்தரிக்காய் மூட்டைகளோடு கடலூருக்குப் புறப்பட்டோம். திருப்பாதிரிப்புலியூரில் எனக்கும் வேலை இருந்ததால் நானும் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். தூறல் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. கோயில் பக்கம் திரும்பினால் பட்டுப்புடவையும் மேளச்சத்தமுமாகக் கூட்டம். மாலைப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டி, யாரையோ தேடியபடி சட்டென்று ரோட்டைக் கடந்தார்.

அவர் பிரேக்கை மிதித்தார். சக்கரம் நின்றது. வண்டி நிற்கவில்லை. ஐஸ் மேல் தட்டு வழுக்குவது போல அப்படியே போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பம்பருக்கும் பாட்டியின் புடவைக் கொசுவத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

பாட்டி திட்டவில்லை. எங்களை நிமிர்ந்து பார்த்து, “மெதுவா போப்பா. பெருமாளுக்கு வேற வேலை இருக்கு இன்னிக்கி” என்று சொல்லிவிட்டு நடந்தார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் கடலூர் போகும் வரை பேச்சே வரவில்லை.

மெக்கானிக்கிடம் காட்டினோம். பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அப்புறம்தான் என் அப்பாவுக்கு போன் போட்டேன்.

அப்பா நெல்லிக்குப்பம் பக்கத்துக்காரர். முப்பது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். தாத்தா, நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்கு மாட்டு வண்டியில் கரும்பு ஏற்றியவர். இரும்புப் பட்டை போட்ட கட்டைச் சக்கரம் மழை நாளில் வயலோரம் புதைந்தால், மாடுகள் முட்டி போட்டுவிடுமாம். பிறகு காற்றடைத்த சக்கரத்தோடு ‘டயர் வண்டி’ வந்தபோது, “மாட்டுக்கு உசுரு வந்துச்சு” என்று தாத்தா சொல்வாராம். எங்கள் குடும்பத்தில் டயர் பேச்சு அப்போதிலிருந்தே உண்டு.

அப்பா வந்ததும் மாப்பிள்ளையிடம் எதுவும் கேட்கவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையை டயர் மேல் வைத்து மெதுவாகத் தடவினார். பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தார்.

“மாப்ள, இந்தப் பள்ளம் எதுக்கு இருக்கு தெரியுமா?”

“சேறு ஒட்டிக்காம இருக்க, மாமா. சக்கரம் சுத்தறப்ப சேத்தை வெளிய தள்ளிடும்.”

“சரியாச் சொன்னீங்க. சேத்துல இந்தப் பள்ளம்தான் பல்லு. தார் ரோட்டுல? அந்தப் பள்ளம் இருக்கிற இடத்துல ரப்பரே கெடையாது. ரோட்டைப் பிடிக்கிறது ரப்பர்தானே? ரோடு ஈரமா வேற இருந்தா என்னத்தப் பிடிக்கும்?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா இன்னொன்றையும் காட்டினார். டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்கள். இத்தனை நாள் நான் அவற்றை ஏதோ கம்பெனி நம்பர் என்று நினைத்திருந்தேன். ஜாதகம் மாதிரி எல்லாமே அதில் எழுதியிருக்கிறது.

எங்கள் பழைய டயரில் ‘215/75 ஆர் 15’ என்று இருந்தது. 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்றால், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 சதவிகிதம். ‘ஆர்’ என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அடுத்து வரும் எண் சுமைக்கானது. அது 100 என்றால், அந்த ஒரு டயர் 800 கிலோ வரை தாங்கும். 97 என்றால் 730 கிலோ. கடைசியாக ஒரு முட்டைக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். அதுதான் பிறந்த தேதி. 2324 என்றால் 2024-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் தயாரானது.

புது டயரின் சுமை எண்ணைப் படித்ததும் அப்பாவின் முகம் மாறியது. பழைய டயரைவிட அது குறைவு. “இது ஜீப்புக்குப் போடறது மாப்ள. நாலு பேரு உக்காந்து போற வண்டி அது. ஒன்றரை டன் பலாப்பழத்தைத் தூக்குற வண்டிக்கு இது பத்தாது.” சைஸும் ஒரு சுற்றுப் பெரியது. அப்படிப் பெரிய சக்கரம் மாட்டினால் ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிட வண்டி வேகமாக ஓடும். நாற்பதில் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்போம்.

“அப்ப பழைய டயரையே மாட்டிட்டு மறுபடியும் சேத்துல கெடக்கட்டுமா?” என்று கேட்டார் அவர். குரலில் கோபம் இல்லை. அந்த ராத்திரியின் பயம் இருந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். “பாப்பா, நீதான கணக்கு எழுதற? ஒரு மாசத்துக்குப் புதுசா மூணு கோடு போடு. தார் ரோடு எவ்ளோ, மண் ரோடு எவ்ளோ, சேறு எவ்ளோ. எழுதி முடிச்சிட்டுக் கூப்பிடு. அதுக்கப்புறம் டயர் வாங்கலாம்.”

புரட்டாசி மாதம் முழுக்க எழுதினேன். அவர் ஒவ்வொரு நாளும் மீட்டரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தோப்புக்குள் நுழையும்போது ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை. அந்த ஒரு மாதமும் ஈரத்தில் இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது, பாதிச் சுமைதான் ஏற்ற வேண்டும் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முதல் வாரம் சலித்துக்கொண்டார். இரண்டாவது வாரத்திலிருந்து அவரே ஆர்வமாகிவிட்டார்.

மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தோம். மொத்தம் 2,140 கிலோமீட்டர். அதில் மண் பாதை 190. அந்த 190-லும் உண்மையான சேறு 23 கிலோமீட்டர்தான். நூற்றுக்கு ஒரு கிலோமீட்டர்! அந்த ஒரு கிலோமீட்டருக்குப் பயந்து, மீதி தொண்ணூற்றொன்பது கிலோமீட்டரிலும் வழுக்கிக்கொண்டு போகும் சக்கரத்தை மாட்டியிருக்கிறோம்.

அவர் நோட்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த ஒரு ராத்திரி எனக்கு நூறு ராத்திரி மாதிரி இருந்துச்சு” என்றார். எனக்குப் புரிந்தது. மனுஷன் பட்ட இடத்தை மட்டும்தான் பெரிதாக ஞாபகம் வைத்துக்கொள்கிறான். ஒழுங்காகப் போய்வந்த நாட்களை யார் எண்ணுகிறார்கள்?

அன்று இரவு தூக்கம் வராமல் டயர் பற்றிப் போனில் படித்தேன். அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் அதிராமல் ஓட வேண்டும் என்பதற்காகத்தான் காற்றடைத்த டயரைச் செய்து பார்த்தாராம். ரேடியல் டயருக்குப் பிரான்ஸில் மிஷலின் கம்பெனி காப்புரிமை வாங்கியது 1946-ல். அதே 1946-ல் நம் சென்னை திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் ஒரு கொட்டகையில் பலூன் செய்து விற்க ஆரம்பித்தார். 1952-ல் பழைய டயருக்குப் புதுப் பட்டை ஒட்டும் டிரெட் ரப்பருக்கு மாறினார். அதுதான் இன்றைய எம்.ஆர்.எஃப். பலூனில் தொடங்கி லாரி டயர் வரை வந்திருக்கிறார்கள். ஒரு பிள்ளையின் சைக்கிளும் ஒரு பலூனும் என் வளையலை அடகுக் கடை வரை கொண்டு போய்விட்டதே என்று சிரிப்பு வந்தது.

ஐப்பசியில் மூன்று பேரும் டயர் கடைக்குப் போனோம். அப்பா வாங்கிய விதத்தைச் சொன்னால் உங்களுக்கும் பயன்படும்.

முதலில் ரேடியலா, நைலானா என்ற கேள்வி. நைலான் டயரின் பக்கச் சுவர் தடிமன். கல்லும் கட்டையும் குத்தினால் தாங்கும், விலையும் குறைவு. ஆனால் ஓட ஓடச் சூடாகும். ரேடியல் அவ்வளவு சூடாகாது, டீசலும் மிச்சம். தோப்பிலேயே கிடக்கும் வண்டி என்றால் நைலானைப் பார்க்கலாம். நூற்றில் தொண்ணூறுக்கு மேல் தார் ரோட்டில் ஓடும் எங்களுக்கு ரேடியல்தான். இரண்டையும் ஒரே அச்சில் கலந்து மட்டும் மாட்டவே கூடாது.

அடுத்து பட்டன். முன்சக்கரத்தின் வேலை திரும்புவதும் பிரேக் பிடிப்பதும். அதற்கு நீளவாக்கில் கோடு ஓடும் ‘ரிப்’ டயர். எங்கள் வண்டியில் தள்ளுகிற சக்கரம் பின்னால். அதற்கு நடுவில் பட்டை தொடர்ந்து ஓடி, இரண்டு ஓரத்திலும் ஆழமாக வெட்டு இருக்கிற டயர். நடுப் பட்டை தார் ரோட்டைப் பிடிக்கும், ஓர வெட்டு மண்ணைப் பிடிக்கும். முழுக்கப் பல்லாக இருக்கும் டயர் வேண்டாம். “நம்ம ஊரு லாரிக்கெல்லாம் முன்னாடி கோடு, பின்னாடி வெட்டு. எங்க காலத்துலேருந்து அப்படித்தான்” என்றார் அப்பா. ரீட்ரேடிங் செய்த டயரை வேண்டுமானால் பின்னால் போடலாம், முன்னால் போடவே கூடாது என்பதும் அவர் கட்சி.

கடைக்காரர் உருட்டிவந்த முதல் டயரில் அப்பா அந்த நான்கு இலக்கத்தைத் தேடினார். 1121. “மூணரை வருஷம் கொடோன்ல படுத்திருக்கு. இது உங்களுக்கே இருக்கட்டும்” என்று சிரித்தபடி திருப்பி உருட்டிவிட்டார். கடைக்காரரும் சிரித்துக்கொண்டே உள்ளே போய் அந்த வருஷத்து டயரைக் கொண்டுவந்தார். கேட்டால்தான் கிடைக்கும்!

பள்ளத்துக்குள் ஆங்காங்கே சின்ன மேடு இருப்பதையும் காட்டினார் அப்பா. அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் தேய்ந்து பட்டனும் அந்த மேடும் சமமாகிவிட்டால் அது மொட்டை டயர். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது.

சேற்று டயர் நான்கையும் கல்வராயன் மலைப் பக்கம் ஜீப் ஓட்டும் ஒருவர் வாங்கிக்கொண்டார். அவருக்குத்தான் அது சரியான டயர். பாதைக்கு மேல் பாதை மண்ணும் கல்லும்தானே அங்கே. எங்களுக்குப் பதினோராயிரம் நஷ்டம். நோட்டில் ‘படிப்புச் செலவு’ என்று எழுதினேன்.

“சரி மாமா, அந்த ஒரு கிலோமீட்டருக்கு என்ன வழி?” என்று மறுபடியும் கேட்டார் அவர்.

அதற்கு அப்பா சொன்ன பதில் டயர் கடையில் விற்காதது. ஆளுயரப் பலகை இரண்டு, நல்ல கயிறு, மண்வெட்டி, நாலு பழைய சாக்கு. இவை எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும். சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் ஆக்ஸிலேட்டரை மிதிக்கக் கூடாது. மிதித்தால் வண்டி தனக்குத் தானே குழி தோண்டும். இறங்கி, சாக்கையும் பலகையையும் சக்கரத்துக்கு அடியில் கொடுக்க வேண்டும். மணலில் மாட்டினால் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் டயர் பரந்து உட்கார்ந்து பிடிக்கும். ஆனால் சுமையோடு அப்படி ஓட்டக் கூடாது, ரோட்டுக்கு வந்ததும் மறுபடி காற்று பிடித்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, “மேகம் கறுத்தா பாதி லோடோட கெளம்பிடு. மீதிக்கு நாளைக்கிப் போ.”

நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. பெய்த மழையும் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரும் சேர்ந்து, டிசம்பர் 2-ம் தேதி தென்பெண்ணையில் வெள்ளம். என் நாத்தனார் கடலூரில் தென்பெண்ணைக் கரையோரம் இருக்கிறாள். மூன்று வயதுப் பிள்ளை, வயதான மாமியார். விடியற்காலையில் போன் வந்தது. வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர்.

அவர் சாவியை எடுத்தார். புயலுக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அப்பாவும் கூட ஏறிக்கொண்டார். சுற்றிச் சுற்றி வண்டியைக் கொண்டுபோனார்கள். கடைசியில் ரோட்டின் குறுக்கே தண்ணீர் ஓடும் இடம் வந்தது. அந்தப் பக்கம் அரை கிலோமீட்டர்தான் தங்கை வீடு.

“மாமா, புது டயரு. போயிடலாம்.”

அப்பா சாவியைத் திருகி வண்டியை நிறுத்திவிட்டாராம். “மாப்ள, தண்ணி நின்னா டயரு. தண்ணி ஓடுனா படகு. ஓடற தண்ணிக்கு எந்தக் கம்பெனியும் டயர் செய்யல.” இரண்டடித் தண்ணீர் ஓடினாலே பெரும்பாலான வண்டிகளை அது தூக்கித் தள்ளிவிடும். அடியில் ரோடு இருக்கிறதா, அரித்துப்போயிருக்கிறதா என்றும் தெரியாது.

இரண்டு மணி நேரம் அங்கேயே நின்றார்கள். அவர் அழுதார் என்று அப்பா பிறகு என்னிடம் மட்டும் சொன்னார். மீட்புப் படகு அந்தத் தெருவுக்குள் போய், கிழவியையும் தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரின் ஓரத்துக்கு வந்தது. அங்கே எங்கள் வண்டி நனையாமல் நின்றுகொண்டிருந்தது. திரும்பும் வழியெல்லாம் வண்டலும் சகதியும். முன்னால் போன இரண்டு கார்கள் சிக்கி நின்றன. எங்கள் வண்டி இரண்டாவது கியரில் நிதானமாக ஏறி வந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் சாக்கு போட வேண்டியிருந்தது.

வாசலில் வந்து நின்ற வண்டியிலிருந்து பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டபோது, பின்டயரின் ஓர வெட்டுகளில் தென்பெண்ணைச் சேறு அப்பியிருந்ததைப் பார்த்தேன். நடுப் பட்டை மட்டும் தேய்த்து வைத்த பாத்திரம் மாதிரி சுத்தமாக இருந்தது.

தை மாதம் வளையலை மீட்டாகிவிட்டது. நோட்டில் அந்த மூன்று கோடுகளை இன்னும் அழிக்கவில்லை. மாதா மாதம் எழுதுகிறேன். ‘சேறு’ என்ற கட்டத்தில் சில மாதம் நான்கு, சில மாதம் ஒன்று, வெயில் காலத்தில் பூஜ்யம்.

அவர் தினமும் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, நான்கு டயரையும் உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறார். கோயில் தெரு வந்தால் தூறல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இருபதுக்கு மேல் போவதில்லை. அந்தப் பாட்டி யார், எந்த ஊர் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் பெருமாளுக்கு வேறு வேலை இருக்கிறது என்று அவர் சொன்னது மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் மறக்கவில்லை.